கிரீன் பெல்ட்டுக்குப் பணம் கட்டும் முன்

கேள்வி: டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்து ஆறு வருடமாக ஓசூரில் வாகன உதிரிபாகம் செய்யும் ஆலை ஒன்றில் இருக்கிறேன். சிஎன்சி ஆபரேட்டராகச் சேர்ந்து, இப்போது மெஷினிங் லைனில் ஷிப்ட் சூப்பர்வைசர். வயது 27. லீன், கைசன் (வீண் வேலையைக் குறைத்து, வேலைமுறையைச் சிறுகச் சிறுகச் சீராக்குவது) பக்கம் போக ஆசை. ஒரு பயிற்சி நிறுவனம் சிக்ஸ் சிக்மாவில் (எண்களை வைத்துத் தரக் குறையைக் குறைக்கும் முறை) கிரீன் பெல்ட், அதற்கு மேல்நிலையான பிளாக் பெல்ட் என்ற இரண்டு சான்றிதழையும் சேர்த்து 45,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறது. ஆறு வாரம், ஞாயிறுதோறும் ஆன்லைன் வகுப்பு. சேரலாமா? லீன் டிபார்ட்மென்ட்டுக்கு மாறினால் பிளான்ட் ஹெட் ஆகும் வாய்ப்பு கூடுமா? இல்லை, தபால்வழி எம்பிஏ படிக்கட்டுமா?

பதில்: அந்த 45,000 ரூபாயை இப்போது கட்டாதீர்கள். படிப்பு வீண் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தப் படிப்பு எதைச் செய்துகாட்டச் சொல்கிறதோ, அதற்கான இடம் உங்கள் கையிலேயே இருக்கிறது. முதலில் அதைப் பயன்படுத்துங்கள்.

சிக்ஸ் சிக்மா பெல்ட் வழங்க உலகத்துக்கெல்லாம் பொதுவான ஒரே அமைப்பு என்று எதுவும் இல்லை. யார் வேண்டுமானாலும் வகுப்பு நடத்திச் சான்றிதழ் அச்சடித்துக் கொடுக்கலாம். ஆலைகளில் மதிக்கப்படும் அமெரிக்கத் தர அமைப்பான ஏஎஸ்க்யூ, கிரீன் பெல்ட் தேர்வு எழுதவே மூன்று வருட வேலை அனுபவம் கேட்கிறது. பிளாக் பெல்ட் என்றால் முடித்த ப்ராஜெக்ட்டுக்குக் கையெழுத்திட்ட உறுதிமொழியும் வேண்டும். ஆறு வாரத்தில் இரண்டு பெல்ட் என்றால் ப்ராஜெக்ட் இல்லாத பெல்ட் என்றுதான் பொருள். அதை எடுத்துக்கொண்டு நேர்முகத்துக்குப் போனால் மூன்று கேள்விகள் வரும். மாற்றத்துக்கு முன் எண் என்ன? பின் என்ன? இன்றைக்கு என்ன? முதல் இரண்டுக்கும் எல்லோரும் பதில் வைத்திருப்பார்கள். மூன்றாவதில்தான் பேச்சு நின்றுபோகும்.

அந்த மூன்றாவது கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும். அதற்கு வழி இதோ. எண்கள் எடுத்துக்காட்டுக்குத்தான், உங்கள் லைனின் எண்களை இதே இடங்களில் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் டாக்ட் டைம், அதாவது வாடிக்கையாளரின் தேவைக்கு ஈடுகொடுக்க எத்தனை விநாடிக்கு ஒரு பீஸ் வர வேண்டும் என்ற கணக்கு. எட்டு மணி நேர ஷிப்டில் சாப்பாட்டுக்கு 30 நிமிடம், இரண்டு டீக்கு 20 நிமிடம் போனால் மிச்சம் 430 நிமிடம், அதாவது 25,800 விநாடி. லைன் இரண்டு ஷிப்ட் ஓடுகிறது, வாடிக்கையாளர் ஒரு நாளைக்கு 750 ஹப் (சக்கரத்தின் நடுப்பாகம்) கேட்கிறார் என்றால் 51,600-ஐ 750-ஆல் வகுக்க வேண்டும். 69 விநாடிக்கு ஒரு பீஸ் வெளியே வர வேண்டும் என்று விடை வரும். இந்த ஒரு எண்ணைக் கேட்டதும் சொல்ல முடியாத சூப்பர்வைசர்கள் ஏராளம். அவர்களுக்குத் தெரிந்தது டார்கெட் மட்டும்தான்.

அடுத்தது ஒவ்வொரு ஆபரேஷனின் சைக்கிள் டைம், அதாவது ஒரு பீஸுக்கு அங்கே ஆகும் நேரம். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். கண்ட்ரோலர் திரையில் தெரியும் நேரத்தை அப்படியே எழுதிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அது மெஷின் வெட்டும் நேரம் மட்டுமே. கதவைத் திறப்பது, பீஸை எடுப்பது, ஏர் கன்னால் உலோகச் சீவலை ஊதித் தள்ளுவது, கிளாம்ப் போடுவது, ஐந்தாவது பீஸுக்கு ஒரு முறை கேஜ் வைப்பது எதுவும் அதில் சேராது. ஒரு பீஸுக்குக் கதவு மூடியதிலிருந்து அடுத்த பீஸுக்குக் கதவு மூடும் வரை எடுங்கள். ஒரு ஆபரேஷனுக்குக் குறைந்தது 15 முறை, பகலிலும் இரவிலும்.

ஸ்டாப்வாட்சை எடுக்கும் முன் ஆபரேட்டரிடம் போய்ச் சொல்லுங்கள்: எதற்காக எடுக்கிறேன், இதைக் காட்டி உங்கள் டார்கெட்டை ஏற்ற மாட்டேன், எடுத்த எண்ணை முதலில் உங்களுக்கே காட்டுகிறேன். சொல்லாமல் தூணுக்குப் பின்னால் நின்று நேரம் எடுத்தீர்களானால், ஒரு நாளுக்கு எண் கிடைக்கும். அதன்பிறகு அந்த லைனில் யாரும் உங்களிடம் உண்மையைப் பேச மாட்டார்கள். வடமாநிலத் தொழிலாளர்கள் இருந்தால், அவர்களுக்குப் புரியும் மொழியில் சொல்ல ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

எண்கள் இப்படி வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். முதல் டர்னிங் 52 விநாடி, இரண்டாவது டர்னிங் 64, விஎம்சி என்ற செங்குத்து மெஷினிங் சென்டரில் டிரில்லிங்-டேப்பிங் (துளையிட்டு மரை வெட்டுவது) 81, வாஷிங் 40, இன்ஸ்பெக்ஷன் 35. டாக்ட் 69. டாக்டைத் தாண்டி லைனையே இழுத்துப் பிடிக்கும் பாட்டில்நெக் விஎம்சிதான் என்பது ஒரே பார்வையில் தெரிகிறது. முதல் டர்னிங்கை 52-லிருந்து 45 ஆக்கி, கைசன் ஷீட் எழுதி, பரிசுகூட வாங்கிவிடலாம். ஆனால் விஎம்சி முன்னால் நிற்கும் டிராலிகளின் எண்ணிக்கை கூடுமே தவிர, டிஸ்பாட்சில் ஒரு பெட்டிகூடக் கூடாது. கைசன் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போயும் லாபம் அசையாத ஆலைகளில் பெரும்பாலும் நடப்பது இதுதான்.

இனி அந்த விஎம்சியை மட்டும் பாருங்கள். ஷிப்டின் 430 நிமிடத்தில் செட்டிங் மாற்ற (வேறு பாகத்துக்கு மெஷினைத் தயார் செய்ய) 55, பிரேக்டவுன் 22, டூல் மாற்ற 18 போகிறது. ஓடியது 335 நிமிடம். அந்த நேரத்தில் செய்தது 225 பீஸ், நல்லது 219. ஓஇஇ, அதாவது மெஷினின் மொத்தப் பயன்திறன் கணக்கிட நீண்ட சூத்திரம் தேவையில்லை: 219-ஐ 81-ஆல் பெருக்கி 25,800-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 69 சதவீதம். மூன்றாகப் பிரித்தால் அவெய்லபிலிட்டி (ஓடிய நேரம்) 78, பெர்பாமன்ஸ் (ஓடிய வேகம்) 91, குவாலிட்டி (நல்ல பீஸ்) 97. எங்கே கை வைக்க வேண்டும் என்பதை முதல் எண்ணே சொல்லிவிடுகிறது.

இந்த மெஷின் மட்டும் மூன்று ஷிப்டும் ஓடினாலும் வாரத்துக்கு 219 பெருக்கல் 18, அதாவது 3,942 பீஸ். தேவை 4,500. பற்றாக்குறை 558. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை இரண்டரை ஷிப்டுக்கு மேல், நடைமுறையில் மூன்று ஷிப்ட், ஓவர்டைம் ஓட வேண்டியிருக்கிறது. ஞாயிறு வேலை ஏன் வருகிறது என்று உங்கள் மேனேஜர் கேட்டால், ‘ஆர்டர் அதிகம் சார்’ என்பது ஒரு பதில். ‘ஷிப்டுக்கு 55 நிமிடம் செட்டிங்கில் போகிறது சார்’ என்பது இன்னொரு பதில். இரண்டாவது பதிலைச் சொல்பவரைத்தான் அடுத்த பொறுப்புக்குக் கூப்பிடுவார்கள்.

அந்த 55 நிமிடத்தை அருகில் போய்ப் பாருங்கள். ஆபரேட்டரின் சம்மதத்தோடு போனில் முழுவதும் வீடியோ எடுத்து, அவரோடு உட்கார்ந்து பாருங்கள். பிக்சர் (பீஸைப் பிடித்துக்கொள்ளும் சட்டம்), கிளாம்ப் போல்ட், ஸ்பானர், ஹாய்ஸ்ட் தேடுவதில் 9 நிமிடம். பழைய பிக்சரை இறக்கி டேபிளைச் சுத்தம் செய்ய 6. புதியதை ஏற்றி டயல் வைத்து நேர் பார்க்க 14. டூல் ஏற்றி அதன் நீளத்தை அளந்து மெஷினில் பதிய (லெங்க்த் ஆப்செட்) 11. புரோகிராம் கூப்பிட 2. முதல் பீஸ் ஓட்ட 3. அந்த முதல் பீஸைத் தூக்கிக்கொண்டு ஸ்டாண்டர்ட் ரூமுக்குப் போய், சிஎம்எம் என்ற அளவிடும் மெஷினில் வரிசையில் நின்று ஓகே வாங்க 10. கூட்டினால் 55.

ஜப்பானியத் தொழில் பொறியாளர் ஷிகியோ ஷிங்கோ 1969-ல் டொயோட்டாவில் 1,000 டன் பிரஸ் ஒன்றில் நாலு மணி நேர டை (அச்சு) மாற்றத்தை முதலில் 90 நிமிடமாகவும், பிறகு 3 நிமிடமாகவும் குறைத்தபோது கேட்ட முதல் கேள்வி எளிமையானது: இந்த வேலையை மெஷின் நின்றால்தான் செய்ய முடியுமா, ஓடும்போதே செய்துவைக்க முடியுமா? அதே கேள்வியை உங்கள் 55-ன் ஒவ்வொரு வரியிலும் கேளுங்கள். பிக்சரும் போல்ட்டும் ஸ்பானரும் அரை மணி முன்பே ஒரே டிராலியில் மெஷின் அருகில் வந்துவிட்டால் அந்த 9 நிமிடம் முழுக்கப் போகும். பிக்சர் அடித்தட்டிலும் டேபிளிலும் அது சரியான இடத்தில் தானே உட்கார லொகேட்டிங் கீயும் டவல் பின்னும் போட்டுவிட்டால் டயல் வைக்கும் வேலை சுருங்கி, 14 நிமிடம் 8 ஆகும். டூல்களை வெளியே பிரீசெட் செய்து, அதாவது நீளத்தை முன்பே அளந்து வைத்தால் 11 என்பது 3. இன்ஸ்பெக்டருக்கு முன்கூட்டியே சொல்லி, முக்கியமான அளவுகளை மெஷின் அருகிலேயே பிளக் கேஜாலும் ரிசீவர் கேஜாலும் பார்த்தால் 10 என்பது 4. மொத்தம் 26 நிமிடத்தில் வந்து நிற்கும்.

மிச்சமான 29 நிமிடத்தில் இப்போது ஓடும் வேகத்திலேயே ஷிப்டுக்கு 19 நல்ல பீஸ் கூடும். 238 பெருக்கல் 18 என்றால் 4,284. பற்றாக்குறை 216. ஞாயிற்றுக்கிழமை ஒரே ஷிப்ட் போதும். புது மெஷின் வாங்காமல், ஆபரேட்டரை வேகமாக ஓடச் சொல்லாமல் கிடைத்தது இது.

தவறு எங்கே நடக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், இதில்தான் பாதிப் பேர் அடிபடுகிறார்கள். பிரீசெட் செய்த டூலின் நீளத்தைத் தப்பாக டைப் செய்தால் ஸ்பிண்டில் பிக்சரில் இடிக்கும். ஒரு இடி போதும், மேலிடம் முழு முயற்சியையும் நிறுத்திவிடும். அளந்த எண்ணைச் சீட்டில் எழுதி டூல் ஹோல்டரிலேயே கட்டிவிடுங்கள். ஒருவர் டைப் செய்ய, இன்னொருவர் வாய்விட்டுப் படித்துச் சரிபார்க்கட்டும். முதல் ஓட்டத்தில் இசட்டை (டூலின் உயரத்தை) 100 மில்லிமீட்டர் உயர்த்தி, சிங்கிள் பிளாக்கில் (புரோகிராமை ஒவ்வொரு வரியாக) ஓட்டுங்கள். இதில் போகும் ஒரு நிமிடத்தை மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள்.

முதல் பீஸ் ஓகே முறையை நீங்களாக மாற்றவும் கூடாது. குவாலிட்டி சம்மதித்து, கண்ட்ரோல் பிளானில் (எதை எப்படிச் சோதிப்பது என்ற ஆவணத்தில்) மாற்றம் ஏறி, தேவைப்பட்டால் வாடிக்கையாளரிடமும் சொன்ன பிறகே நடைமுறைக்கு வர வேண்டும். சிஎம்எம் ரிப்போர்ட் வரும்வரை ஓடிய பீஸ்களைத் தனி டிரேயில் நிறுத்தி வையுங்கள். இதை விட்டுவிட்டால் அடுத்த ஐஏடிஎஃப் (வாகனத் துறைத் தரநிலை) ஆடிட்டில் உங்கள் முன்னேற்றமே நான்-கன்பார்மிட்டியாக, அதாவது விதிமீறலாக எழுதப்படும்.

இன்னொன்றை யாரும் வகுப்பில் சொல்லித்தருவதில்லை. ஞாயிறு ஓவர்டைமுக்குச் சட்டப்படி இரட்டைச் சம்பளம். இரண்டு ஷிப்ட் குறைந்தால் அந்தப் பணத்தை நம்பிச் சீட்டு கட்டும், பிள்ளைக்கு ஃபீஸ் கட்டும் ஆபரேட்டரின் வீட்டில் அது குறையும். செட்டிங் நேரம் மூன்றாவது வாரத்தில் மறுபடி 50-க்குப் போவதற்குச் சோம்பேறித்தனம் காரணம் என்று எழுதிவிடாதீர்கள். தொடங்கும் முன்பே மேனேஜரிடம் பேசுங்கள். மிச்சமாவதில் ஒரு பங்கை உற்பத்தி இன்சென்டிவாகக் கொடுக்க முடியுமா? செட்டிங் கற்றவருக்கு அடுத்த கிரேடு உண்டா? இதற்குப் பதில் வாங்காமல் லைனில் இறங்குவது அவர்களுக்குச் செய்யும் அநியாயம். உங்கள் எண்ணும் நிற்காது.

நிற்க வைக்கும் வேலைக்கு ஒரு போர்டு போதும். ஒவ்வொரு செட்டிங்குக்கும் தேதி, ஷிப்ட், நிமிடம், 30-ஐத் தாண்டினால் ஒரு வரிக் காரணம். காலை மீட்டிங்கில் நீங்களே அதன் முன்னால் நின்று படியுங்கள். டிராலியை வேறு வேலைக்கு எடுத்துப் போயிருப்பார்கள், இரவு ஷிப்டில் பிரீசெட் செய்ய ஆள் இருந்திருக்க மாட்டார். காரணத்தைத் தீர்த்துக்கொண்டே போங்கள். 90 நாள் அந்தப் போர்டில் 30-க்குள் நின்றால், மூன்றாவது கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்கிறது.

பணக் கணக்கில் கவனம் வேண்டும். விஎம்சி முன்னால் 1,200 பீஸ் தேங்கி நின்றது, பீஸ் 180 ரூபாய், அதைக் கரைத்துவிட்டேன், ஆகவே 2,16,000 ரூபாய் சேமிப்பு என்று பலர் எழுதுகிறார்கள். பைனான்ஸ்காரர் அதை ஒரே கோட்டில் அடித்துவிடுவார். அது முடங்கிக் கிடந்து ஒரு முறை விடுபட்ட பணம். ஆண்டுச் சேமிப்பு என்பது அதன் மேல் போகும் வட்டி மட்டுமே. 10 சதவீதம் என்றால் 21,600 ரூபாய். குறைந்த ஓவர்டைம் சம்பளம்தான் உண்மையான சேமிப்பு. அந்தத் தொகையைப் பைனான்ஸ் டிபார்ட்மென்ட்டைக் கொண்டே சரிபார்க்கச் சொல்லி, கையெழுத்து வாங்கி வையுங்கள்.

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். லீன் டிபார்ட்மென்ட்டுக்குப் போங்கள், ஆனால் அங்கேயே தங்கிவிடாதீர்கள். பிளான்ட் ஹெட் நாற்காலிக்குப் பார்க்கப்படுகிறவர்கள் உற்பத்தி, டிஸ்பாட்ச், ஆள், செலவு ஆகியவற்றுக்கு நேரடியாகப் பதில் சொல்லிப் பழகியவர்கள். இரண்டு வருடம் லீன் செல்லில் இருந்து பல லைன்களைப் பார்த்துவிட்டு, ஒரு முழு ஷாப்பின் பொறுப்போடு திரும்பி வருவதுதான் நல்ல பாதை. எட்டு வருடம் அங்கேயே இருந்தால் ஆடிட் ஷீட்டும் பிரசன்டேஷனும் செய்வதில் தேர்ந்துவிடுவீர்கள், உற்பத்தியை உங்களிடம் கொடுக்கத் தயங்குவார்கள்.

சேரும் முன் இரண்டு விஷயம் விசாரியுங்கள். அந்த செல்லின் தலைவர் யாருக்கு ரிப்போர்ட் செய்கிறார்? பிளான்ட் ஹெட்டுக்கு என்றால் நல்லது. அவர்களை எதை வைத்து அளக்கிறார்கள்? மாதத்துக்கு இத்தனை கைசன், 5எஸ் (வேலையிடத்தை ஒழுங்காக வைக்கும் முறை) ஆடிட்டில் இத்தனை மார்க் என்று மட்டும் இருந்தால் தரையில் மஞ்சள் கோடு போடுவதோடு வேலை முடிந்துவிடும். லைனின் ஓஇஇ, ரிஜெக்ஷன், லீட் டைம் அவர்கள் தலையிலும் இருந்தால் தயங்காமல் போங்கள்.

வாகனத் துறையில் இருப்பதால் பெல்ட்டுக்கு முன்னால் ஐந்து கோர் டூல்ஸ் உங்களுக்கு அதிகம் உதவும்: ஏபிக்யூபி (புதுப் பாகத்துக்கான தரத் திட்டம்), பிபிஏபி (பாகத்துக்கு வாடிக்கையாளரின் ஒப்புதல்), எஃப்எம்இஏ (எங்கே தவறலாம் என்று முன்பே ஆராய்வது), எம்எஸ்ஏ (அளவிடும் முறையையே சோதிப்பது), எஸ்பிசி (எண்களைக் கொண்டு உற்பத்தியைக் கண்காணிப்பது). பெரும்பாலான ஆலைகளில் இதற்கு உள்பயிற்சியே இருக்கும், ஒரு ரூபாய் செலவில்லை. எம்எஸ்ஏவைக் கையால் செய்து பாருங்கள். 10 பீஸ், 3 ஆபரேட்டர், ஒவ்வொருவரும் 3 முறை, மொத்தம் 90 அளவீடு. கேஜ் ஆர் அண்ட் ஆர் (அளக்கும் முறையாலேயே வரும் மாறுபாடு) 10 சதவீதத்துக்குக் கீழே என்றால் கேஜ் நல்லது, 30-ஐத் தாண்டினால் அந்தக் கேஜை நம்பி எந்த முடிவும் எடுக்கக் கூடாது. நல்ல பீஸை ரிஜெக்ட் செய்துகொண்டிருக்கும் லைன்கள் இருக்கின்றன, கோளாறு பீஸில் இல்லாமல் கேஜில் இருக்கும். எஃப்எம்இஏவில் 2019 கையேட்டுக்குப் பிறகு ஆர்பிஎன் என்ற ஆபத்து எண் போய், எதை முதலில் சரிசெய்வது என்று சொல்லும் ஆக்ஷன் பிரையாரிட்டி வந்திருக்கிறது. பழைய நோட்ஸை வைத்துக்கொண்டு நேர்முகத்துக்குப் போகாதீர்கள்.

நீங்கள் இருக்கும் மாநிலம் உங்களுக்கு ஒரு பலம். 1998-ல் சுந்தரம் கிளேட்டனின் பிரேக்ஸ் பிரிவு, தர மேலாண்மைக்காக ஜப்பானில் தரப்படும் டெமிங் பரிசை இந்தியாவுக்கு முதன்முதலில் வாங்கியது. 2002-ல் டிவிஎஸ் மோட்டார், 2003-ல் ரானே பிரேக் லைனிங்ஸ், 2004-ல் லூகாஸ் டிவிஎஸ் என்று அது தொடர்ந்தது. இப்படிப்பட்ட ஆலைகள் தங்கள் சப்ளையர்களிடமும் அதே ஒழுங்கை எதிர்பார்க்கும். அதற்கென்று சப்ளையர் டெவலப்மென்ட் ஆட்கள் உண்டு. உங்கள் ஆலைக்கு அப்படி வாடிக்கையாளர் தரப்பிலிருந்து யாராவது வந்தால், அவரோடு லைனைச் சுற்றிவரும் பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள். அந்த வேலையே நல்ல ஒரு தொழில்பாதை. சொந்த லைனில் எண்ணை மாற்றிக் காட்டியவர்களுக்கு அங்கே இடம் உண்டு.

உங்கள் ஆலை சிறு-குறு-நடுத்தர நிறுவனமாகப் பதிவாகியிருந்தால் இன்னொரு வாசலும் திறக்கும். 2023 மார்ச்சில் புது வடிவில் தொடங்கப்பட்ட மத்திய அரசின் எம்எஸ்எம்இ லீன் திட்டத்தில் செயல்படுத்தும் செலவில் 90 சதவீதத்தை அரசு ஏற்கிறது. ஆலோசகர் வந்தால் அவருக்கு ஆலைத் தரப்பு ஆளாக உங்களைப் போடச் சொல்லுங்கள். 45,000 ரூபாய் வகுப்பில் கிடைக்காதது அங்கே இலவசமாகக் கிடைக்கும்.

எம்பிஏ இப்போது வேண்டாம். டிப்ளமோவோடு மேலே போகப் போக, பல நிறுவனங்களின் மனிதவளத் துறை ‘பட்டம் இருக்கிறதா’ என்றுதான் முதலில் பார்க்கும். அதை அடைக்க வேலை பார்ப்பவர்களுக்கான பி.இ. படியுங்கள். டிப்ளமோவுக்கு ஓராண்டு விலக்கு உண்டா, ஏஐசிடிஇ அங்கீகாரம் இருக்கிறதா, ஷிப்ட் மாறினால் வகுப்புக்குப் போக முடியுமா என்று மூன்றையும் விசாரித்துச் சேருங்கள். மேலாண்மையை மாதாந்திர காஸ்ட் ஷீட்டிலிருந்து கற்கத் தொடங்கலாம். உங்கள் லைனின் டூல் செலவு, கரண்ட், ரிஜெக்ஷன், ஓவர்டைம் பீஸுக்கு எத்தனை ரூபாய் என்று காஸ்டிங்காரரிடம் மாதம் ஒரு முறை உட்கார்ந்து கேளுங்கள்.

90 நாள் முடிந்ததும் உங்கள் பயோடேட்டாவில் ‘லீன், கைசன், 5எஸ் தெரியும்’ என்ற வரியை எடுத்துவிட்டு, இப்படி எழுதுங்கள்: ‘விஎம்சி செட்டிங் நேரம் 55 நிமிடத்திலிருந்து 26, மூன்று மாதமாக 30-க்குள் நிற்கிறது, ஞாயிறு ஓவர்டைம் வாரம் மூன்று ஷிப்டிலிருந்து ஒன்று, சேமிப்பு பைனான்ஸால் சரிபார்க்கப்பட்டது.’ அதன் பிறகு ஏஎஸ்க்யூ கிரீன் பெல்ட் தேர்வுக்கு விண்ணப்பியுங்கள். அந்தப் போர்டையும் பைனான்ஸ் கையெழுத்தையும் காட்டி, தேர்வுக் கட்டணத்தை நிறுவனமே கட்டுமா என்று உங்கள் மேனேஜரிடம் கேளுங்கள்.